பௌர்ணமி கழிந்த திங்கட்கிழமை

பொறாமை பிடித்தவன் கையில் பூதக்கண்ணாடியைக் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் கடுகைப் பார்த்துவிட்டுப் பூசணிக்காய் என்பான். வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸின் மாடியில், ஜன்னலோர மேஜையில், ஒரு கட்டு மனுக்களை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த தசரதன் அன்று அந்த நிலைமையில்தான் இருந்தான்.

திருவண்ணாமலையில் துப்பறியும் தொழில் என்றால் முக்கால்வாசி மாப்பிள்ளை விசாரணைதான். பையன் குடிப்பானா, பெங்களூரில் வேலை என்று சொன்னது நிஜமா, ஏற்கெனவே எங்காவது தாலி கட்டியிருக்கிறானா. நடுவில் எப்போதாவது ரமணாசிரமம் பக்கம் அறை எடுத்துத் தங்கும் வெள்ளைக்காரர் யாராவது பாஸ்போர்ட்டைத் தொலைத்துவிட்டு வருவார். இந்த வாரம் வந்தது கொஞ்சம் கௌரவமான வேலை. கொடுத்தவர் கடைத்தெரு வியாபாரிகள் சங்கத் தலைவர் நசீர் அகமது.

"கீழ்பென்னாத்தூர் மல்லாட்டை மண்டி அறிவுச்செல்வன் சுயேச்சையா நிக்கப் போறாரு, தெரியுமில்ல? மேடைக்கு மேடை ஆஸ்பத்திரி, ஆம்புலன்ஸ்னுதான் பேசறாரு. எங்க ஜனங்களுக்கு அது புடிச்சிருக்கு. ஆனா பேச்சுல யாரு வேணும்னாலும் கோட்டை கட்டலாம். வைத்திய விஷயத்துல இத்தினி வருஷமா அவரு இன்னா கேட்டிருக்காரு, அதே பேச்சுல நிக்கறாரா, இல்ல எலெக்சனுக்குப் புதுசா புடிச்ச பாட்டா, அரசாங்கக் காகிதத்தைப் பாத்து எழுதிக் குடு. வியாழக்கிழமை ஆறு மணிக்கு சங்கத்துல கூட்டம். வேற எதுவும் வேணாம் தசரதா. இது மட்டும் போதும்" என்றார்.

வேற எதுவும் வேண்டாம் என்று அவர் சொன்னது தசரதன் காதில் ஏறவில்லை. அறிவுச்செல்வன் என்ற பெயரைக் கேட்டதுமே அவன் வேலையை ஒப்புக்கொண்டுவிட்டான்.

காரணம் அவன் வீட்டில் இருந்தது. மனைவி வினோதினி ஆவாரங்குளம் கிராம சுகாதார செவிலியர். தடுப்பூசியும் கர்ப்பிணிப் பெண்களுமாக ஊர் ஊராக ஸ்கூட்டியில் சுற்றுகிறவள். லேசில் யாரையும் புகழ மாட்டாள். கல்யாணமாகிப் பதினைந்து வருஷத்தில் தசரதனை அவள் பாராட்டியது இரண்டே தடவை, அதில் ஒன்று மிக்ஸி ரிப்பேர் செய்ததற்கு. அப்படிப்பட்டவள் போன மாதம் போனில் அந்த நிலக்கடலை மண்டிக்காரர் பேசும் வீடியோவைப் பார்த்துவிட்டு, "நம்ம மனசுல இருக்கறதை அப்படியே எடுத்துப் பேசற மாதிரி இருக்குங்க" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள் வேறு. தசரதனுக்கு அன்று மூன்றாவது தோசை இறங்கவில்லை. அன்றிலிருந்து வயிற்றில் பற்றிக்கொண்ட நெருப்பு இன்னும் அணையவில்லை. அந்த ஆளிடம் ஏதாவது ஓட்டை இருக்க வேண்டும், அதைத் தானே கண்டுபிடித்து அவள் முன்னால் போட வேண்டும் என்பதுதான் அவனுக்கு ஒரே வேண்டுதல்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கோப்பைப் பார்வையிடச் சங்கத்தார் முன்பே அனுமதி வாங்கியிருந்தார்கள். திங்கட்கிழமைதோறும் நடக்கும் குறைதீர் கூட்டத்தில் அறிவுச்செல்வன் வருஷக்கணக்காகக் கொடுத்த மனுக்கள் அத்தனையும் மேஜை மேல் கிடந்தன. பக்கத்தில் உதவியாளர் முபின். பழைய பஸ் ஸ்டாண்டு அருகே பிறந்து வளர்ந்தவன், முப்பது வயது, வாயை வாடகைக்கு விட்டால் ஒரு குடும்பம் பிழைக்கும்.

"மொத ஒரு மணி நேரம் பார்வையிடறது இலவசமாம்ணா. இந்த ஊர்ல கோவில் தரிசனத்துக்கு அப்புறம் இலவசமா கிடைக்கறது இது ஒண்ணுதான்."

"பேசாம பாரு."

"பாக்கறேன். இந்த மனு நல்லா இருக்குண்ணா. மல்லாட்டை புடுங்கற சீசன்ல பாம்புக்கடி ஜாஸ்தியாம், ஆவாரங்குளத்துல மருந்து..."

"அதை விடு. தேதியைச் சொல்லு."

"தேதி இன்னாத்துக்கு? பாய் கேட்டது அவரு இன்னா கேட்டாருன்னுதான?"

"தேதிதான் பொய் சொல்லாது. சொல்லு."

முபின் தேதிகளைச் சொன்னான். தசரதன் எழுதிக்கொண்டான். அடுத்த மனுவில் ஆம்புலன்ஸ் பற்றி ஏதோ வந்தது, அதையும் விடச் சொன்னான். கையெழுத்து எல்லாவற்றிலும் ஒன்றுதான், வலது பக்கம் சாய்ந்த 'மு. அறிவுச்செல்வன்'. ஆனால் மனுவின் எழுத்து அவருடையதில்லை, டைப் அடித்தது. காகிதத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தும் பார்த்தான். காகிதம் வெறும் காகிதமாகவே இருந்தது. நகல்களை வாங்கிக்கொண்டு இருவரும் கீழே இறங்கி எதிர்ப்புற டீக்கடைக்கு வந்தார்கள்.

"மாசத்துக்கு ஒரு மனு" என்றான் தசரதன். "மாசத்துக்கு நாலு திங்கக்கிழமை இருக்கு. ஒரு மாசம் முதல் வாரம் வர்றாரு, ஒரு மாசம் மூணாவது வாரம். ஏன்? மண்டிக்காரன் ஒரு கணக்கு இல்லாம எழுந்திருக்கக்கூட மாட்டான்."

முபின் டீயை ஊதிக்கொண்டே தேதிகளைப் பார்த்தான். பிறகு கிளாஸைக் கீழே வைத்தான்.

"அண்ணா, இது எல்லாம் எங்க வீட்ல பிரியாணி போட்ட திங்கக்கிழமைண்ணா."

"உன் நாக்குல இருந்து எப்பவும் சோறுதான் வருமா?"

"அல்லா சத்தியமா. எங்கம்மா முன்னி பேகம் பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலப் பாதையில தண்ணி பாட்டில் கடை போடறாங்க இல்ல? கையில நாலு காசு வரும். அதுக்கடுத்த திங்கக்கிழமை எங்க வீட்ல பிரியாணி. இந்தாங்க, இது என் பொண்ணு பேர் வச்ச வாரம். இது எங்க மாமா வந்து ரெண்டு தட்டு துன்னுட்டுக் கறி கம்மின்னு சொன்ன வாரம். எல்லாம் பௌர்ணமி கழிஞ்சு வர்ற திங்கக்கிழமைங்க."

தசரதன் டீக்கடைச் சுவரில் தொங்கிய காலண்டரைக் கழற்றி வாங்கிப் பார்த்தான். இந்த வருஷத்து மனுக்கள் பிசகாமல் உட்கார்ந்தன. போன வருஷத்துக்குப் போனைத் தட்டினான். அதுவும் அப்படியே. அண்ணாமலையார் ஊரில் பௌர்ணமியை வைத்து வீடு குடி போகிறவர் உண்டு, கடை திறக்கிறவர் உண்டு. கலெக்டருக்கு மனு கொடுக்கிறவரை இப்போதுதான் பார்க்கிறான்.

"தேய்பிறையில குடுத்தா குறையும் தேயும்னு எவனாவது ஜோசியக்காரன் சொல்லியிருப்பான்" என்றான் முபின்.

"இல்ல. கொரோனா சமயத்துல பாரு. அப்பவும் வானத்துல பௌர்ணமி வந்துது. ஆனா மனுங்க கன்னாபின்னான்னு கெடைச்ச நாள்ல தபால்ல போயிருக்கு. அப்ப இன்னா இல்ல?"

முபின் கண்ணை மூடித் திறந்தான். "கிரிவலம் இல்ல. தடை போட்டிருந்தாங்க. எங்கம்மா கடை கூட..." என்றவன் தொடையில் தட்டினான். "அப்ப அந்த ஆளு நிலாவை நம்பி இல்லண்ணா. கிரிவலத்தை நம்பி இருக்காரு."

"அவரு இல்ல. அவரே எழுதினா எந்தத் திங்கக்கிழமையும் குடுக்கலாமே. எழுதிக் குடுக்கற ஆளு வேற. அந்த ஆளு பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலப் பாதைக்கு வந்தாகணும். அங்கதான் மனு கை மாறுது."

"சபாஷ். போலீஸா, துப்புரவா, பூக்காரம்மாவா? அன்னைக்கு அங்க வேலை பாக்கற ஜனமே ஆயிரக்கணக்குல இருக்குமே."

தசரதன் ஒரு மனுவை உருவி முபின் முன்னால் நீட்டினான். ஒரு சொல்லை நகத்தால் அழுத்திக் காட்டினான். 'எங்கள் பகுதி ஏ.என். தாய்மார்கள்' என்று இருந்தது.

"இது எந்த ஊர் பாஷைன்னு தெரியுதா?"

"தெரியாம? என் வீட்டம்மா ரூக்ஸார் முழுகாம இருந்தப்ப நர்ஸம்மா எங்க வாசல்ல நின்னு கூப்புடுவாங்களே, 'இங்க ஏ.என். மதர் யாரு'ன்னு. கர்ப்பமா இருக்கறவங்கள அப்படித்தான் சொல்லுவாங்க அவங்க டிபார்ட்மெண்ட்ல." முபின் விரலைச் சொடுக்கினான். "அப்ப நர்ஸு! கிரிவலப் பாதையில மெடிக்கல் கேம்ப் டூட்டி பாக்கற நர்ஸு! அண்ணா, நீங்க பெரிய ஆளுதான்."

பெரிய ஆள் மனுவைத் திரும்பக் கட்டில் சொருகினான். அந்தச் சொல் அவன் வீட்டில் உப்பு, புளி மாதிரி தினமும் புழங்குகிற சொல். காலையில் பல் தேய்த்துக்கொண்டே வினோதினி போனில் பேசுவது அந்தச் சொல்லோடுதான். பௌர்ணமிதோறும் சாயங்காலம் கேம்ப் டூட்டிக்குக் கிளம்பி, விடிந்த பிறகு வீங்கிய காலோடு வீட்டுக்கு வருகிறவளும் அவள்தான். மாவட்டத்தில் நர்ஸுகள் எத்தனையோ பேர் என்று மனசுக்குச் சொல்லிப் பார்த்தான். மனசு கேட்கிற ஜாதி இல்லை. பௌர்ணமி ராத்திரி, கூட்டம், வெளிச்சம், அதில் ஒரு மண்டிக்காரன் என்று அது பாட்டுக்குப் படம் போட ஆரம்பித்துவிட்டது.

"வண்டியை எடு. கீழ்பென்னாத்தூர் போறோம்."

"இன்னிக்கு ஆறு மணிக்கு ரிப்போர்ட்டுண்ணா. இன்னும் ஒரு வரி எழுதலியே. நான் வேணா ஒவ்வொரு மனுவா படிச்சு..."

"வண்டியை எடுன்னேன்."

செஞ்சி ரோட்டில் பைக் பறந்தது. மண்டி வாசலில் மூட்டைகள் அடுக்கியிருந்தன. அறிவுச்செல்வன் ஒரு கைப்பிடி மல்லாட்டையை உள்ளங்கையில் வைத்து நசுக்கி, தோலை ஊதிவிட்டுப் பருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐம்பதை ஒட்டிய வயது, நரை கலந்த மீசை, கசங்கிய வெள்ளைச் சட்டை. பார்க்க லட்சணமாகத்தான் இருந்தார். அது தசரதனுக்கு இன்னும் ஒரு குறையாகப் பட்டது.

"வாங்க வாங்க, உக்காருங்க. சங்கத்துக்காகன்னு பாய் சொன்னாரு. இன்னா வேணும்னாலும் கேளுங்க. டேய், ரெண்டு சோடா கொண்டா."

"ஒரே ஒரு கேள்விங்க. மனுவுல ஏ.என். தாய்மார்கள்னு எழுதியிருக்கீங்களே. ஏ.என்.னா இன்னாங்க?"

அறிவுச்செல்வனின் கையிலிருந்த மல்லாட்டை நின்றது. "ஏ.என்.னா... வந்து... அண்ணா நகர்ங்க. அண்ணா நகர் தாய்மார்கள்."

"ஆவாரங்குளத்துல அண்ணா நகர் ஏதுங்க?"

"எல்லா ஊர்லயும் ஒரு அண்ணா நகர் இருக்குமே தம்பி" என்றார் அவர். சொல்லி முடிக்கும்போதே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முபின் சோடாவை மூக்கு வழியாக வெளியே விட்டான்.

தசரதன் சிரிக்கவில்லை. "எழுதறது யாருங்க?"

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற ஆள் இல்லை என்பது பார்த்தாலே தெரிந்தது. "நான் இல்ல. கையெழுத்து மட்டும்தான் என்னுது. எழுதறது ஒரு அம்மா. கவர்மெண்டு உத்தியோகம். தன்னோட டிபார்ட்மெண்டைப் பத்தித் தானே மனு குடுத்தா மறுநாளே மெமோ வரும். அதனால என் பேர்ல குடுக்கறோம். பேரு மட்டும் கேக்காதீங்க, வேலை போயிடும் அவங்களுக்கு."

"உங்களுக்கு எதுக்கு இந்த வேலை?"

"ஒரு நாள் இங்க மண்டி வாசல்ல தண்ணி கேட்டு வந்து உக்காந்தாங்க. கண்ணு கலங்கியிருந்துது. இன்னா தாயின்னு கேட்டேன். கடகடன்னு ஒரு மணி நேரம் பேசினாங்க. அதுக்கு முன்னாடி வீட்ல சொல்லிப் பாத்தாங்களாம், காது குடுக்க ஆளு இல்லியாம்." அவர் பருப்பை வாயில் போட்டு மென்றார். "நான் பண்ணது அவ்வளவுதாங்க. கேட்டேன்."

காது கொடுக்க ஆள் இல்லாத வீடு. எதிரே இருந்த சோடாவை எடுக்கத் தசரதனுக்கு மனம் வரவில்லை. இவன் வாங்கிக் கொடுத்த சோடாவா என்று இருந்தது.

"வேற ஏதாச்சும் கேக்கணுமா?" என்றார் அறிவுச்செல்வன். அவன் கையிலிருந்த மனுக் கட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"ஒண்ணும் இல்ல. அவ்வளவுதான்."

திரும்பும் வழியில் முபின்தான் ஓட்டினான். காற்றை மீறிக் கத்திப் பேசிக்கொண்டு வந்தான்.

"எந்த நர்ஸுன்னு கண்டுபிடிக்கணும்னா வழி இருக்குண்ணா. நடுவுல ஒரு ஓட்டை இருக்குது. போன வருஷம் ஆடியில இருந்து ஐப்பசி வரைக்கும் நாலு பௌர்ணமிக்கு மனுவே இல்ல. கிரிவலம் நடந்துது, எங்கம்மா கடை போட்டாங்க, நாங்க பிரியாணி துன்னோம். ஆனா மனு இல்ல. அப்ப அந்த நர்ஸம்மா மட்டும் டூட்டிக்கு வரல. அந்த நாலு மாசம் லீவுல இருந்த நர்ஸு யாருன்னு பாத்துட்டா..."

அதோடு நிறுத்திவிட்டான்.

போன ஆடி மாதம் ஆவாரங்குளம் ஏரிக்கரையில் ஸ்கூட்டி சறுக்கி வினோதினிக்குக் கணுக்கால் முறிந்தது. ஆட்டோ பிடித்து வந்து அவளைத் தூக்கி உட்கார வைத்தவன் முபின்தான். கார்த்திகை பிறக்கும்வரை அவள் வீட்டை விட்டு வெளியே போகவில்லை. தசரதன்தான் தினமும் கஞ்சி வைத்துக் கொடுத்தான், தலை வாரிக்கூட விட்டான். அந்த நாலு மாதம்தான் தங்கள் கல்யாண வாழ்க்கையிலேயே நல்ல காலம் என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான்.

வேங்கிக்கால் வரும்வரை முபின் வாயே திறக்கவில்லை. அவன் பேசாமல் வந்ததை வைத்தே தசரதனுக்குத் தெரிந்துவிட்டது, அவனுக்கும் தெரிந்துவிட்டதென்று. தசரதன் வீட்டுத் தெரு முனையில் வண்டியை நிறுத்தினான்.

"அண்ணா. பாய் கேட்டது ஆஸ்பத்திரி விஷயம் மட்டும்தான். யார் எழுதினாங்கன்னு யாரும் கேக்கல."

"எனக்குத் தெரியணும்."

"உங்க பேரை வச்சுகிட்டு ஒரு வீட்டம்மாவையே சந்தேகப்பட்டா எப்படிண்ணா? அந்த ராஜா அறுபதாயிரம் பேரைக் கட்டினாராம்" என்று முபின் சொல்லிப் பார்த்தான். வழக்கமாகச் சிரிப்பு வரும் இடம். இருவருக்குமே வரவில்லை.

வினோதினி அப்போதுதான் வேலையிலிருந்து வந்திருந்தாள். யூனிஃபார்ம் சேலையைக்கூட மாற்றாமல் கூடத்தில் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். மூன்றரை மணிக்குச் சாப்பாடு என்பது அவளுக்குச் சீக்கிரம்.

"சாப்டீங்களா?"

தசரதன் மனுக் கட்டை அவள் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான். வைத்தான் என்பது மரியாதைக்கு. போட்டான்.

"பௌர்ணமி கழிஞ்ச திங்கக்கிழமை. கிரிவலம் இல்லாத காலத்துல தபால். உனக்குக் கால் உடைஞ்ச நாலு மாசம் ஒண்ணும் இல்ல. ஏ.என். தாய்மார்கள். இன்னும் சொல்லணுமா?"

அவள் கட்டைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். பயப்படுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் ஒரு கவளம் உருட்டி வாயில் போட்டுக்கொண்டாள்.

"நான்தான் எழுதறேன். அதுக்கு இப்ப இன்னா?"

"இன்னாவா? ராத்திரி டூட்டின்னு சொல்லிட்டுப் போய் ஊரான் ஒருத்தனைப் பாத்துக் கடுதாசி குடுத்துட்டு வர்ற. வருஷக்கணக்கா. அதே கட்டில்ல நான் படுத்துத் தூங்கறேன். என் வயிறு எரியுது வினோ. எனக்கு அவனைப் பாத்தா எரியுது, அவன் மீசையைப் பாத்தா எரியுது. போதுமா?"

"அவரு வீட்டம்மாவோட கிரிவலம் வருவாரு" என்றாள் வினோதினி. "மாசம் தவறாம, செருப்பு இல்லாம. நான் கேம்ப்பை விட்டு நகர முடியாது. டாக்டரு, பார்மசிஸ்ட்டு, இன்னும் ரெண்டு நர்ஸுங்க சுத்தி உக்காந்திருப்போம். அந்தம்மா பி.பி. பாக்கற மாதிரி வந்து என் எதிர்ல உக்காருவாங்க. அவங்க பையில மனுவை வைப்பேன். அவரு ரோட்டு ஓரமா நின்னு மோர் குடிச்சுட்டு இருப்பாரு. இத்தனை வருஷத்துல அவரோட நான் நின்னு பேசினது மொத்தமா சேத்தா ஒரு நாள் பேச்சு கூட வராது."

காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்கள். மஞ்சள் இறங்கிவிட்டால் சந்தோஷமாக இருக்க வேண்டும். ஆனால் தசரதனுக்குச் சந்தோஷம் வரவில்லை.

"அப்ப ஏன் என்கிட்ட சொல்லல? நான் செத்தா போயிட்டேன்? நான் கையெழுத்து போட மாட்டனா?"

"உங்ககிட்டதான் மொதல்ல சொன்னேன்." அவள் குரல் உயரவில்லை. "ஆம்புலன்ஸ் வர்றதுக்குள்ள வேன்லயே ஒரு பொண்ணு போயிட்டா. என் மடியில. அன்னைக்கு வந்து இதே எடத்துல உக்காந்து அழுதேன். நீங்க போன்ல யாரோ மாப்பிள்ளை வீட்டைப் பத்திப் பேசிட்டு இருந்தீங்க. பேசி முடிச்சுட்டு, 'கலெக்டர் ஆபீஸைப் பகைச்சுகிட்டா நம்ம தொழிலு நடக்குமா வினோ, உன் வேலையை மட்டும் பாரு'ன்னு சொன்னீங்க. மறுநாள்தான் அந்த மண்டி வாசல்ல போய் உக்காந்தேன்."

அவனுக்கு நினைவில்லை. யோசித்துப் பார்த்தான், அந்த மாப்பிள்ளை வீடுகூட நினைவுக்கு வந்தது, அவள் அழுதது வரவில்லை. மண்டிக்காரன் மேல் இருந்த பொறாமை மட்டும் போகவில்லை. முன்னை விட அதிகமாக எரிந்தது. அவன் இவளைப் பறித்துக்கொண்டு போயிருந்தால் சண்டைக்குப் போயிருக்கலாம். கேட்டுக்கொண்டான் என்பதற்காக ஒருவனோடு எப்படிச் சண்டை போடுவது?

வினோதினி தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கை கழுவி வந்தாள். சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள்.

"அவரு வீட்டம்மா இப்பதான் போன் பண்ணாங்க. 'மண்டிக்கு வந்தவரு பேரைக் கேட்டதும் உங்க வீட்டுக்காரர்னு புரிஞ்சுபோச்சு, கெட்டிக்காரரு, ஆனா ஆஸ்பத்திரியைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கலியாமே'ன்னாங்க. நான்தான் சமாளிச்சேன், அவரு எல்லாத்தையும் படிச்சிருப்பாருன்னு." அவள் அவன் எதிரே உட்கார்ந்தாள். "படிச்சீங்கதான?"

"ஒண்ணு விடாம. தேதி, கையெழுத்து, டைப்பு, எல்லாம்."

"கடைசி மனுவுல நான் இன்னா கேட்டிருந்தேன்?"

தசரதன் மனசுக்குள் கட்டைப் புரட்டினான். கடைசி மனு தைப்பூசத்துப் பௌர்ணமி கழிந்த திங்கட்கிழமை. ஒன்றரைப் பக்கம். இரண்டாவது பக்கத்தில் கையெழுத்து கொஞ்சம் மேலே ஏறியிருக்கும். பதிவு எண் கூடச் சொல்லிவிடுவான். ஆம்புலன்ஸா? பாம்புக்கடியா? முபின் கலெக்டர் ஆபீஸில் எதையோ படிக்க வந்தானே, ஸ்கேன் மிஷினா? அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே தேடினான். ஒன்றும் கிடைக்கவில்லை.

அவள் அவசரப்படுத்தவில்லை. நோயாளிக்குத் தெர்மாமீட்டர் வைத்துவிட்டுக் காத்திருப்பது போல உட்கார்ந்திருந்தாள்.

"அவருக்கு ஏ.என்.னா இன்னான்னு தெரியாது" என்றாள் கடைசியில். "ஆனா தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் அந்த மனுவுல இன்னா இருக்குன்னு சொல்லுவாரு."

தசரதனின் சட்டைப் பையில் போன் அடித்தது. நசீர் அகமது. அவன் எடுத்துக் காதில் வைத்தான்.

"தசரதா, ஆறு மணிக்குள்ள ஆளுங்க வந்துடுவாங்க. அந்த அறிவுச்செல்வன் வைத்திய விஷயத்துல இன்னாதான் கேட்டிருக்காரு? ரிப்போர்ட் ரெடியா?"

வினோதினி மனுக் கட்டை எடுத்து, தட்டோரம் பட்டிருந்த ஈரத்தை உள்ளங்கையால் துடைத்து, அவன் பக்கமாக நகர்த்தினாள்.

"இல்ல பாய்" என்றான் தசரதன். "இன்னும் நான் படிக்கவே ஆரம்பிக்கல."